திறக்காத போட்டோ

அத்தியாயம் 11

"நான் என்னத்தக் கேட்டுட்டேன் மாமி? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அவங்க குரலக் கேக்கணும்னு…"

"கேளு, நல்லாக் கேளு! பாலைவனத்துல போன் என்ன ஈச்ச மரத்துலயா காய்ச்சுத் தொங்குது…"

"அஞ்சு மாசம் மாமி! அஞ்சு மாசமா ஒரு ஹலோ கெடயாது…"

"வாரா வாரம் மெயிலு வருதுல்ல? இந்தத் தெருவுல எவ புருஷன் வாரா வாரம் எழுதுறான்? ஒருத்தி பேரச் சொல்லு பாப்போம்…"

"இந்த வாரம் வரலையே மாமி!"

ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்த இரண்டு குரல்களில் ஒன்று சட்டென்று நின்றது. ஆயிஷா பீவி மருமகளைப் பார்த்தபடி, கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

ஆஃப்ரா ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். எட்டு மணிக்குப் பெரம்பலூர் பஸ். அம்மாவுக்கும் அண்ணன் மனைவிக்கும் நடுவில் வாய் கொடுத்தால் பஸ் போய்விடும். கொடுக்காவிட்டால் வீடு போய்விடும் போலிருந்தது.

லப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் அண்ணன் காமிலும் அப்படிப் போனவன்தான். சவூதியில், தம்மாமில் லாரி டிரைவர். போன வருஷ ஆரம்பத்தில் லீவில் வந்து, வி.களத்தூர் ஹாஜியார் மகள் அஸ்ரினை நிக்காஹ் முடித்து, எழுபது நாள் இருந்துவிட்டுத் திரும்பினான். எழுபது நாள் வாழ்ந்த வாழ்க்கைக்குப் பொட்டுப் போல ஒரு பெண் குழந்தை. பிறந்து இன்னும் மூன்று மாதம் முடியவில்லை.

முதலில் வாரத்துக்கு ஒரு போன் வந்தது. போன நோன்பு ஆரம்பித்ததும் அது நின்றது. பெருநாள் கழிந்த பிறகு ஒரு மெயில் வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தது. 'கம்பெனியில் என்னை ஆபீஸ் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இடம் ஊருக்கு வெகு தூரம். போன் வசதி இல்லை, நெட் மட்டும் உண்டு. பழைய முகவரிக்கு எழுத வேண்டாம், இந்த ஆபீஸ் முகவரிக்கே எழுதவும். அடுத்த முறை போட்டோ அனுப்புகிறேன்.'

அன்றைக்கு ஆயிஷா பீவி பக்கத்து நாலு வீட்டுக்கும் சர்க்கரை கொடுத்தாள். மகன் ஸ்டியரிங்கை விட்டு நாற்காலிக்கு வந்துவிட்டானே!

அதிலிருந்து பதினேழு வியாழக்கிழமை, பதினேழு மெயில். ஆஃப்ரா பெரம்பலூரில் வேலை செய்யும் கம்ப்யூட்டர் சென்டரில் அதைத் தாளில் எடுத்துக்கொண்டு சாயந்தரம் வீட்டுக்கு வருவாள். பதினெட்டாவது வியாழக்கிழமை நேற்று முன்தினம் வந்து போய்விட்டது. மெயில் வரவில்லை.

"லேட்டாயிருக்கும்மா," என்றாள் ஆஃப்ரா. "நெட்டு கெட்டுப் போயிருக்கும்."

"பதினேழு வாரம் கெடாத நெட்டு இந்த வாரம் எப்புடிடி கெடும்?" என்று ஆயிஷா பீவி மகள் மேல் பாய்ந்தாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் மருமகள் கிளப்பிய சந்தேகம்தான் அது என்பது அவளுக்கே உறைக்கவில்லை. "சரி, அத வுடு. அந்தப் போட்டோவையாவது தொறந்தியா நீ?"

"எத்தன தடவம்மா சொல்றது? அது தொறக்க மாட்டேங்குது."

"மூணு வருஷம் காலேஜு. கம்ப்யூட்டருக்குள்ளயே குடியிருக்கா. ஒரு போட்டோவத் தொறக்கத் தெரியல! அவன் பாவம், ஒவ்வொரு மெயிலுக்கும் வச்சு வச்சு அனுப்புறான்."

உண்மைதான். ஒவ்வொரு மெயிலோடும் ஒரு சின்ன பைல் ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டினால், 'இதைத் திறக்க இயலாது' என்று கம்ப்யூட்டர் கைவிரித்தது. ஆஃப்ரா அதன் பெயரை மாற்றிப் பார்த்தாள், போட்டோ திறக்கிற எல்லா வழியிலும் திறந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மகனுக்கு அனுப்பத் தெரியவில்லை என்று ஒரு வாரமும், மகளுக்குத் திறக்கத் தெரியவில்லை என்று மறு வாரமும் ஆயிஷா பீவி முறை வைத்துத் திட்டினாள். ஆனால் அது மகனின் முகம் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

"எனக்கு போட்டோ வேணாம் மாமி," என்றாள் அஸ்ரின். குரல் இறங்கியிருந்தது. "மெயில்ல என்னைய 'அன்புள்ள அஸ்ரின்'னு எழுதுறாங்க. எழுபது நாள்ல ஒரு நாள்கூட அவங்க என் பேரச் சொன்னதில்ல. 'ஏ ஹாஜியார் மவளே'ன்னுதான் கூப்புடுவாங்க. அடுப்படிக்கும் கேக்கும், அடுத்த வூட்டுக்கும் கேக்கும்."

"ஆபீஸ் மெயில்ல கொஞ்சச் சொல்றியா? நாலு பேரு பாக்குற எடம். அவன் மரியாதப்பட்டவன்."

"நானும் அப்புடித்தான் மாமி நெனச்சுக்கிட்டிருக்கேன்." அஸ்ரின் கொடியிலிருந்து குழந்தையின் துணிகளை உருவினாள். "நான் வி.களத்தூர் போறேன். அத்தாகிட்டச் சொல்லி தம்மாம்ல எங்கூரு ஆளுங்க யாரையாச்சும் நேர்ல போய்ப் பாக்கச் சொல்றேன்."

"போ. எம் மவன் உசுரோட இருக்கானான்னு சாட்சி தேடப் போ!"

சொன்ன பிறகுதான் ஆயிஷா பீவிக்குத் தன் வாயில் வந்தது என்னவென்று தெரிந்தது. "அஸ்தஃபிருல்லாஹ்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆஃப்ரா இரண்டாவது செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

*

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்தது சென்டர். ஆறு கம்ப்யூட்டர்களில் நாலு பிரவுசிங்குக்கு. மற்ற இரண்டில் முதலாளி திருமுருகனும் ஆஃப்ராவும் வேலை பார்த்தார்கள்.

அப்போது கையிலிருந்தது ஓர் ஆடிட்டர் கொடுத்த வேலை. கம்பெனிக் காகிதங்களை இனிக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் தாக்கல் செய்ய வேண்டும், முதலாளிமார் கையெழுத்தையும் கம்ப்யூட்டரிலேயே போட வேண்டும் என்று ஏற்பாடு வந்திருந்தது. அந்த டிஜிட்டல் கையெழுத்துக்கு ஆளாளுக்கு ஒரு சான்றிதழ். சான்றிதழ் என்றால் சட்டம் போட்டு மாட்டுகிற காகிதம் இல்லை. ஒரு சின்ன பைல். அதற்கும் காலாவதித் தேதி உண்டு. ஆடிட்டரின் கட்சிக்காரர்களில் மூன்று பேருக்குக் கெடு முடிந்தது தெரியாமல் வேலை நின்றுபோயிற்று. 'எல்லாரோட பைலையும் போட்டா யாருக்கு எப்ப முடியுதுன்னு வரிசையா வரணும்' என்றார் அவர்.

ஆஃப்ரா பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழியில் நாற்பது வரிக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். பைலை உள்ளே கொடுத்தால் அது பிரித்துச் சொல்லும்: யார் பேரில் இருக்கிறது, எந்த மெயில் முகவரிக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. தேதிதான் கொஞ்சம் படுத்தியது. ஆண்டும் மாதமும் நாளும் மணியும் இடைவெளி இல்லாமல் ஒரே சரமாக வரும். 061002 என்று ஆரம்பித்தால் இரண்டாயிரத்து ஆறு, பத்தாம் மாதம், இரண்டாம் தேதி. அதை உடைத்து மனுஷர் படிக்கிற மாதிரி ஆக்குவதற்குள் இரண்டு நாள் போனது.

அன்று காலை அவளுக்கு ஆடிட்டர் வேலை ஓடவில்லை. மெயில் பெட்டியைத் திறந்தாள். புதிதாக ஒன்றும் இல்லை. கடைசியாக வந்த பதினேழாவது மெயிலை எடுத்து, எந்த வழியாக வந்தது என்று பார்க்கலாம் என அதன் முழு மூலத்தையும் விரித்தாள். மேலே அண்ணன் எழுதிய நாலு வரி. அதற்குக் கீழே, திறக்காத அந்தப் பைல் வெறும் எழுத்துக் குப்பையாகக் கொட்டிக் கிடந்தது.

குப்பையின் முதல் மூன்று எழுத்து: எம், ஐ, ஐ.

ஆஃப்ராவின் கை மவுஸிலிருந்து எழுந்தது.

ஆடிட்டர் கொடுத்த பைல்கள் அத்தனையும் அந்த மூன்று எழுத்தில்தான் ஆரம்பிக்கும். போட்டோவாக இருந்தால் அங்கே ஒரு சாய்கோடு வரும். இது போட்டோவே இல்லை. ஒருநாளும் போட்டோவாக இருந்ததில்லை.

"அண்ணே," என்றாள். "மெயிலோட சான்றிதழ் ஒட்டிக்கிட்டு வருமா?"

திருமுருகன் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "வரும்மா. பெரிய கம்பெனில மெயில் அனுப்புனா கம்ப்யூட்டரே கையெழுத்தப் போட்டு அனுப்பிடும். அனுப்புறவனுக்கே தெரியாது அது கூடப் போவுதுன்னு."

கையெழுத்துக்குள் பொதிந்திருக்கும் சான்றிதழை உருவ ஒரு வரிக் கட்டளை போதும். உருவினாள். தன் ஸ்கிரிப்டுக்குள் கொடுத்தாள். அண்ணன் பேர் வரப்போகிறது, அவ்வளவுதானே. அம்மாவிடம் 'இது போட்டோ இல்லம்மா, அண்ணனோட கையெழுத்து' என்று சொல்லிக்கொள்ளலாம். இதை நினைத்துக்கொண்டேதான் பொத்தானை அழுத்தினாள்.

பெயர்: வெள்ளைச்சாமி இளையபெருமாள்.
பிரிவு: ஸ்டோர்ஸ்.
முகவரி: அண்ணன் எழுதச் சொன்ன அதே ஆபீஸ் முகவரி.
தொடக்கம்: 02-10-2006.

ஸ்கிரிப்டில் பிழை என்று நினைத்தாள். ஆடிட்டரின் பைல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தாள். சரியாகச் சொன்னது. பதினாறாவது மெயிலைக் கொடுத்தாள். இளையபெருமாள். பதினைந்து, இளையபெருமாள். முதல் மெயில் வரைக்கும் இறங்கினாள். பதினேழு தடவையும் அதே பேர் வந்து நின்றது.

திருமுருகன் எழுந்து பின்னால் வந்து நின்றிருந்தான்.

"அனுப்புனவர் பேரு காமில்னு இருக்கே அண்ணே?"

"அது நாம போட்டுக்கிறதும்மா. நான்கூடக் கலெக்டர்னு போட்டுக்கலாம். முகவரி யாருக்குச் சொந்தமோ அவன் பேருதான் சான்றிதழ்ல இருக்கும். அத மாத்த முடியாது."

"ஒரே கம்ப்யூட்டர ரெண்டு பேரு பொழங்கலாம்ல?"

"பொழங்கலாம்," என்றான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இளையபெருமாள். அந்தப் பேரை எங்கேயோ படித்திருக்கிறாள். காமிலின் பழைய முகவரியிலிருந்து வந்த மெயில்களைத் தேடினாள். போன வருஷம் ஏப்ரலில் எழுதியது கிடைத்தது. 'ரூமுக்குப் புதுசா ஒருத்தன் வந்திருக்கான். அரியலூர் கல்லங்குறிச்சி. பேரு இளையபெருமாள். அப்பா பெருமாள் கோயில் வாசல்ல தேங்காய்க் கடை வச்சிருக்காராம். ரசம் வச்சான் பாரு, ரூமே கண்ணீர் விட்டது. அவ்வளவு மிளகு.'

இதுதான் அண்ணன். இப்படித்தான் அவன் எழுதுவான். அடுத்து பதினேழாவது மெயிலைப் படித்தாள். 'நான் நலம். அம்மா மாத்திரையைத் தவறாமல் சாப்பிடவும். குழந்தைக்குத் தடுப்பூசி போடவும்.' கவர்மெண்டு ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதிப் போட்டது போல இருந்தது. நாலு மாதமாக வாய்விட்டுப் படித்துக் காட்டியவளுக்கு இது தெரியாமல் போயிற்றே.

"மெயிலு வந்துச்சா?"

திரும்பினாள். தோளில் குழந்தை, இன்னொரு தோளில் பை. கறுப்புப் புர்காவில் மூச்சு வாங்க அஸ்ரின் நின்றாள். வி.களத்தூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று மாடி ஏறி வந்திருக்கிறாள்.

"இல்ல மச்சி." ஆஃப்ரா திரையை மறைத்தாற்போல் எழுந்தாள். அண்ணன் மனைவியை அவர்கள் வீட்டில் மச்சி என்பார்கள். "நீங்க ஏன் இவ்ளோ ஒசரம் ஏறி வந்தீங்க, கொழந்தயத் தூக்கிக்கிட்டு…"

"இளையபெருமாள் யாரு?"

"ஆடிட்டர் வேல மச்சி. அவரு கட்சிக்காரர் யாரோ."

"எனக்குப் படிக்கத் தெரியும் ஆஃப்ரா. அதுக்குக் கீழ இருக்குறது அவங்க முகவரி. வாரா வாரம் அதுக்குத்தானே பதில் அடிக்கச் சொல்றேன்."

ஆஃப்ரா உட்காரச் சொன்னாள். சொல்ல வேண்டியதை மூன்று தரம் ஆரம்பித்து, மூன்றாம் தரம் சொல்லி முடித்தாள். அஸ்ரின் அழவில்லை. குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவங்க சொல்லி இவரு அடிக்கலாம்ல? லாரி ஓட்டுன கை, டைப் அடிக்கத் தெரியாம…"

"பழைய மெயிலெல்லாம் அண்ணனே அடிச்சதுதானே மச்சி?"

கீழே பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஒருவர், "வி.களத்தூர், வி.களத்தூர்" என்று கூவினார்.

"அரியலூர் பஸ்ஸு எங்க நிக்கும்?" என்று கேட்டாள் அஸ்ரின்.

*

சனிக்கிழமை. குன்னம் வழியாகப் போகும் அரியலூர் பஸ்ஸில் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம். ரோட்டின் ஒரு பாதியில் மக்காச்சோளம் காய்ந்தது, மறுபாதியில் பஸ் போனது. ஜன்னலோரம் இருந்த அம்மாள் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன பேருங்க பாப்பாவுக்கு?"

அஸ்ரினுக்கு அது காதில் விழவில்லை. ஆஃப்ராவின் பக்கம் சாய்ந்து மெதுவாகப் பேசினாள்.

"நம்ம அனுப்புனது எல்லாத்தையும் அந்த ஆளு படிச்சிருப்பாருல்ல?"

"மச்சி…"

"எனக்குப் பால் கட்டிக்கிட்டுக் காய்ச்சல் வந்தத எழுதச் சொன்னேன். மாமி தூங்குனப்பறம் தாள்ல எழுதி உங்கிட்டக் குடுத்தேனே, 'நீங்க இல்லாத இந்தக் கட்டில்ல எனக்குத் தூக்கம் வரல'ன்னு. அதையும் நீ அடிச்சேல்ல?"

"அடிச்சேன் மச்சி."

"யா அல்லாஹ்," என்று புர்காவின் முனையால் முகத்தை மூடிக்கொண்டாள். "முன்ன பின்ன தெரியாத ஆம்பளைக்கு."

அம்மா சொல்லச் சொல்லத் தட்டியது ஆஃப்ராதான். 'ஒங்க அத்தா மவுத்தாகிப் போய்ச் சேந்ததுலேர்ந்து எனக்கு நீதான்டா எல்லாம்.' 'கனவுல வந்தே, ஏன்டா மெலிஞ்சு போயிருந்தே?' எல்லாவற்றையும் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்து, ஒரு தரம் சரிபார்த்து அனுப்பியிருக்கிறாள். அந்தப் பக்கம் ஒருவன் உட்கார்ந்து படித்து, மெலிந்த மகனுக்காக 'நான் நலம்' என்று பதில் போட்டிருக்கிறான்.

எதற்காக? ஏமாற்றுகிறவன் எதையாவது கேட்டிருப்பான். பதினேழு மெயிலில் அவன் ஒன்றும் கேட்டதில்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

அரியலூரில் இறங்கி, சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதியில் நின்று, கல்லங்குறிச்சி டவுன் பஸ்ஸைப் பிடித்தார்கள். கோயில் வாசலில் நெல் மூட்டையோடு இறங்குகிறவர்களும், வேண்டுதலுக்குக் கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்து வந்தவர்களுமாக நெரிசல். நடுவில் இரண்டு கறுப்புப் புர்காவைப் பார்த்துக் கூட்டம் தானாக வழிவிட்டது.

தேங்காய்க் கடைகள் நாலைந்து இருந்தன. இரண்டாவது கடையில் கேட்டதற்கு, தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார்.

"நாந்தான் வெள்ளைச்சாமி. நீங்க யாரும்மா?"

"லப்பைக்குடிக்காடுங்க. ஒங்க மகன் தம்மாம்ல எங்க அண்ணன்கூட…" ஆஃப்ரா பேச்சை மாற்றினாள். "அவருக்குப் போன் பண்ணணுங்க. நம்பர் இருந்தா…"

"போனு எதுக்கும்மா? அவன்தான் வந்து நாலு நாளாச்சே. வூட்டுலதான் இருக்கான்." பெரியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தெப்பக்குளத்துக்கு எதுத்தாப்புல பச்சக் கதவு. காமில் தம்பி வூட்டு ஆளுங்களா நீங்க? போன்ல ஒரு காலத்துல அவன் வாயத் தொறந்தா காமில் அண்ணன், காமில் அண்ணன்தான்."

நாலு நாள். அஸ்ரின் ஆஃப்ராவின் மணிக்கட்டைப் பிடித்தாள். செவ்வாய்க்கிழமை இங்கே வந்தவன் வியாழக்கிழமை அங்கேயிருந்து எப்படி மெயில் அனுப்புவான்? காமில் அங்கே இருந்தால் காமில் அனுப்பியிருக்க வேண்டுமே. இரண்டு பேரும் பச்சைக் கதவை நோக்கி வேகமாக நடந்தார்கள்.

*

"வாங்க, வாங்கம்மா, உள்ள வாங்க!" இளையபெருமாளின் தாய் மருதாயி பாயை விரித்துப் போட்டாள். முன்பின் தெரியாதவர்களிடமும் மூச்சு விடாமல் பேசுகிற மனுஷி. "காமில் தம்பி வூடா? ஏ சாமி, இங்க வா, யாரு வந்துருக்கா பாரு! புள்ளைய இப்புடிக் குடும்மா, வேத்துப் போச்சு பாரு அதுக்கு. மோரு குடிக்கிறீங்களா? நீங்களாவது அவனக் கேளுங்கம்மா. வந்த நாள்லேர்ந்து தட்டுல வச்ச சோறு அப்படியே இருக்கு. அஞ்சாறு மாசமா வூட்டுக்குப் பாதிதான் அனுப்புனான், மீதி எங்கடான்னா வாயத் தொறக்க மாட்டேங்குறான்…"

ஆயிஷா பீவிக்கு மாதம் தவறாமல் பணம் வந்துகொண்டிருந்தது. ஆஃப்ரா பாயைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

கொல்லைப்புறத்திலிருந்து ஈரத் தலையோடு ஓர் இளைஞன் வந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். கையில் துண்டு. நடையில் வந்தவன் இவர்களைக் கண்டு அங்கேயே நின்றான். யார் என்று அவன் கேட்கவில்லை. அவன் கண் நேராகத் தன் தாயின் கையிலிருந்த குழந்தைக்குப் போனது.

"நவம்பர் இருபத்தெட்டு," என்றான். "செவ்வாக்கெழம. ரெண்டே முக்கா கிலோ."

மருதாயி சிரித்தாள். "என்னடா, ஆஸ்பத்திரி நர்ஸாட்டம் சொல்ற?"

"நான்தான் அத அடிச்சு அனுப்புனேன்," என்றாள் ஆஃப்ரா. வாய்க்கு வந்தது அவ்வளவுதான். "ஒங்க சான்றிதழ் கூடவே வந்துருக்கு. பதினேழு மெயில்லயும்."

அவனுக்குப் புரியவில்லை. "எந்தச் சான்றிதழுங்க?"

"மெயில்ல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அதுல ஒங்க பேரு இருக்கு. எங்கம்மா அத அண்ணன் போட்டோன்னு நெனச்சுக்கிட்டிருந்தாங்க."

துண்டு அவன் கையிலிருந்து நழுவியது. சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். மருதாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணி," என்று அஸ்ரினைப் பார்த்துச் சொன்னான். அந்தச் சொல்லை அவன் இதற்கு முன்பும் பல தடவை, ஆளில்லாத இடத்தில் சொல்லிப் பார்த்திருப்பான் போல. "தப்புதாங்க அண்ணி. நான் மறுத்தேன். கேக்கல. காமில் அண்ணன் பழைய கம்பெனிய வுட்டுட்டு வந்துட்டாரு, கையில காயிதம் ஒண்ணும் கெடயாது. ரூமுலேயே படுத்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாப் புடிச்சுருவாங்கன்னு பயம். 'மாசமா இருக்கா, அவளுக்கு ஒண்ணும் தெரியக் கூடாது, புள்ள பொறக்குற வரைக்கும் எம் பேர்ல எழுதுடா'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

"புள்ள பொறந்துருச்சே," என்றாள் ஆஃப்ரா.

"பொறந்துருச்சுங்க." அவன் உள்ளங்கையால் கண்ணை அழுத்தித் துடைத்தான். "அதுக்கப்பறம் எப்புடி நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியல. ஒவ்வொரு வாரமும் இதான் கடைசின்னு உக்காருவேன். ஒங்க பதில் வந்து கெடக்கும். படிச்சுட்டு எப்புடிங்க எழுதாம இருக்கறது?"

அந்தக் கூடத்தில் எல்லாருடைய நெஞ்சிலும் ஒரே ஒரு கேள்விதான் நின்றது: காமில் இப்போது இருக்கிறானா? ஆஃப்ரா அதைக் கேட்க வாயைத் திறந்தாள். அஸ்ரின் கையை நீட்டி அவளைத் தடுத்தாள்.

கேட்டுவிட்டால் பதில் வந்துவிடும். அதற்கு அவள் இன்னும் தயாராகவில்லை என்று ஆஃப்ரா நினைத்தாள். ஆனால் அஸ்ரின் பையைத் திறந்து, தாய் வீட்டுக்கு எடுத்துப் போக மடித்து வைத்திருந்த மெயில் தாள்களை வெளியே எடுத்தாள். மடியில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் புரட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவதை உருவிப் பாயின் மேல் வைத்து, அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"இது இவ பொறந்து மூணாம் நாள் வந்தது," என்றாள். "ஏழாம் நாளு ஊரைக் கூட்டி, பள்ளிவாசல் ஹஜ்ரத்த வச்சு, இதுல இருந்த பேரத்தான் இவ காதுல ஓதுனோம். ருமைசா. அவங்க அத்தா வச்ச பேருன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

மருதாயியின் கையில் குழந்தை சிணுங்கியது. இளையபெருமாள் தாளைத் தொடவில்லை.

"நல்லா யோசிச்சு, அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க தம்பி. அன்னிக்கு இந்தப் பேர அவங்க வாயாலச் சொல்லி நீங்க எழுதுனீங்களா, இல்ல நீங்களா வச்சீங்களா?"